பத்துப் போட்டிகளின் கணக்கு



1975ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்றுகள் மோதினார்கள். அலி புள்ளிக்கணக்கில் வென்றார். அதைப் பார்த்த தாத்தாக்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பேரனுக்குக் குத்துச்சண்டை ஆசை வந்தால் அவர்கள் எடுத்துச் சொல்வது அந்த நாளைத்தான். பேரனும் உடனே அந்த மேடையில் தன்னை நிறுத்திப் பார்க்கிறான். நடுவே இருக்கும் படிக்கட்டு யார் கண்ணிலும் படுவதில்லை.

அலி ஏறிய படிகளைப் பாருங்கள். அப்போது அவர் பெயர் கேஷியஸ் கிளே. 1954இல், 12 வயதில், அமெரிக்காவின் லூயிவில் நகரில் அவருடைய சைக்கிள் களவு போனது. திருடனை உதைக்காமல் விடமாட்டேன் என்று குதித்த பையனிடம் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார். சில வாரங்களில் முதல் போட்டி. எதிரே நின்றவனும் சிறுவன்தான். நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. கிளே தட்டுத்தடுமாறித்தான் வென்றார். 1958இல் சிகாகோ கோல்டன் கிளவ்ஸ் போட்டியில் தோற்றார். 1959இல் பான் அமெரிக்கப் போட்டிக்கான தேர்வில் தோற்றார். அதே 1959இலும் 1960இலும் கோல்டன் கிளவ்ஸ் பட்டத்தை வென்று, பிறகுதான் ரோம் ஒலிம்பிக் தங்கம். ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு அமெச்சூர் போட்டிகள்!

அமெச்சூர் குத்துச்சண்டையில் ஜோடி சேர்ப்பதற்கு எடையும் வயதும் மட்டும் போதாது. அனுபவமும் பார்க்கப்படும். அமெரிக்காவில் பத்துப் போட்டிகள் வரை ஆடியவர் புதுமுகம். அதைத் தாண்டினால் 'ஓப்பன்' பிரிவு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணப்படுவது போட்டி, வெற்றி அல்ல. பத்திலும் தோற்றவனும் பதினொன்றாவதில் ஓப்பன் வீரன்தான்.

இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் மேடையேறி, மூச்சு வாங்கி, அடி வாங்கியும் கையைக் கீழே போடாமல் நின்றவனுக்குத் தெரிவது, பயிற்சிக்கூடத்தில் மட்டும் நின்றவனுக்குத் தெரியாது. முதல் சுற்றிலேயே வெறிகொண்டு அடித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் கையைத் தூக்க முடியாமல் தவிப்பதுதான் புதுமுகங்களின் வழக்கமான கதை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலிருந்து பதக்கமின்றித் திரும்பிய சிங்கப்பூர் வீரர் சையது அப்துல் காதிர், 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்றார்.

இந்தக் கணக்கில்தான் பொய்யும் நுழைகிறது. கோப்பை ஆசையில் சிலர் ஆடிய போட்டிகளை மறைத்து, தேர்ந்த பையனைப் புதுமுகங்களிடையே இறக்கிவிடுகிறார்கள். வேறு சிலர், என் பிள்ளை முரடன், யாரையும் சமாளிப்பான் என்று பச்சைப் பிள்ளையை அனுபவசாலியின் முன் நிறுத்துகிறார்கள். முதலாவதில் அடி வாங்குவது ஊரார் பிள்ளை, இரண்டாவதில் சொந்தப் பிள்ளை. இரண்டிலும் குலுங்குவது மூளைதான். தலைக்கவசம் நெற்றி கிழியாமல் காக்கும்; மண்டைக்குள் மூளை ஆடுவதை அது தடுக்காது. 2013 முதல் மேல்நிலை ஆண்கள் பிரிவில் அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அது இன்னும் உண்டு, அவ்வளவுதான்.

அதனால்தான் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பதிவுப் புத்தகம். போட்டிக்கு முன் மருத்துவர் பார்க்கிறார். போட்டிக்குப் பின் முடிவு எழுதப்படுகிறது. தலையில் அடிபட்டுச் சண்டை நிறுத்தப்பட்டால், உலக விதிப்படி குறைந்தது 30 நாள் ஓய்வு. அந்த நாள்களில் போட்டியும் கிடையாது, கூடத்தில் மோதிப் பழகுவதும் கிடையாது. மறுபடியும் அப்படி நேர்ந்தால் ஓய்வு நீளும்.

பையன் துடிப்பான். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் போட்டி இருக்கிறதே, வேறு கிளப்பில் சேர்த்து அனுப்பினால் என்ன என்று அப்பாவும் கேட்பார். கிளப் மாறலாம் ஐயா. புத்தகமும் கூடவே போகும்.