பெட்டிக்குள் ஒரு வேட்டி



விசேஷங்களுக்கு முறையாக உடுத்திக்கொண்டு போகும் பழக்கம் மலேசியத் தமிழர்களான நம்மிடையே குறைந்துவருவதைப் பற்றி இந்த மேடையில் பேசச் சொன்னார்கள். என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவின் பால்வெட்டுச் சட்டையை அம்மா வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். வாசல் தூணில் ஓர் ஆணி இருக்கும். அதில்தான் அது தொங்கும். பால் கறை ஏறி ஏறி, அட்டை மாதிரி விறைத்துப்போன சட்டை. அதன் புளித்த வாடையை, மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் மூக்கில் அது இப்போதே ஏறியிருக்கும்.

அதே வீட்டுக்குள் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அந்துருண்டை போட்டு, பழைய சேலைத் துண்டில் சுற்றி, அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்று. தீபாவளிக்கும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அது வெளியே வரும். முதல் நாள் சாயங்காலமே அம்மா சிரட்டைக் கரியை மூட்டி இஸ்திரிப் பெட்டியில் நிரப்புவார். சூடு அதிகமாகிவிட்டதா என்று வாழை இலையில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேட்டியில் வைப்பார். அந்த நேரம் அப்பா பின்வாசலில் குந்தியிருப்பார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல் இடுக்கில் ஒட்டிய பாலைத் தேய்த்துத் தேய்த்து எடுப்பார். நகக்கண்ணில் கறுத்துக் கிடப்பதை எடுக்க மட்டும் அரை மணி நேரம் ஆகும். எங்கே போகிறார்? பக்கத்து லயத்துக் கல்யாணத்துக்கு. நடந்தால் நூறு அடி. அந்த நூறு அடிக்காக ஒரு மாலைப் பொழுது முழுவதும் அவர் தயாரானார்.

மொய்ப் பணமாக அவரால் ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோதான் கொடுக்க முடியும். ஆனால் அந்த மாலைப் பொழுதையும் சேர்த்துத்தான் அவர் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. "உன் மகள் கல்யாணம் எனக்கும் பெரிய நாள்" என்று வாய் திறந்து சொல்லும் வழக்கம் எங்கள் அப்பாக்களிடம் கிடையாது. வேட்டி சொல்லிவிடும்.

பெரியோர்களே, இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அவர்களைக் கிள்ளான் வரலாற்றைக் கொஞ்சம் படிக்கச் சொல்வேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சம்பளத்தைக் கூட்டு என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், தோட்ட எழுத்தரான கிராணி எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்! வயிற்றுக்குக் கேட்ட அதே தாளில் மரியாதைக்கும் கேட்டார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது. பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் நம் ஆட்கள் செத்தார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்ற அதே மனிதர், திருவிழா அன்று வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, கோயில் வாசலில் நிமிர்ந்து நின்றார். ஆண்டில் சில நாள்கள்தான். அந்தச் சில நாளில் அவர் கூலி இல்லை. ஒரு குடும்பத்தின் தலைவர், ஓர் ஊரின் பெரிய மனிதர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதை மற்றவர்கள் பழமொழியாகச் சொன்னார்கள். தோட்டத்துச் சனம் கசக்கியே கட்டியது.

அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நாம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். துணிப் பஞ்சம் போய்விட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் போய்ப் பாருங்கள், தோளை இடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். இங்கே பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் அதே கதைதான். என் அப்பா வாழ்நாள் முழுவதும் உடுத்தியதைவிட அதிகத் துணியை ஒரு பையன் ஒரே ஆண்டில் வாங்குகிறான். ஆகவே பணம் இல்லை, துணி இல்லை என்ற காரணம் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது.

அண்மையில் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணமகள் தேவதை மாதிரி இருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கே ஒப்பனைக்காரர் வந்துவிட்டார் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரே நிறத்தில் ஜிப்பா, பெண் வீட்டார் எல்லோரும் ஒரே நிறத்தில் பட்டு. மேடையைப் பார்த்தால் கண் நிறைந்தது. திரும்பி மண்டபத்தைப் பார்த்தேன். முதுகில் எண் போட்ட பந்தாட்டச் சட்டைகள். முட்டி தெரியும் அரைச் சிலுவார்கள். குளியலறைக்குப் போகும் சிலிப்பர்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. மாம்பழ நிறத்தில் பழைய பட்டுச் சேலை. மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. அந்துருண்டை வாசம் அடித்தது. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பாட்டி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் சேலையைப் பார்த்தார். மெதுவாக முந்தானையை இழுத்து முன்னால் போர்த்திக்கொண்டார். சரிகைக் கரை வெளியே தெரியாமல் மறைத்துக்கொண்டார்.

தாய்மார்களே, அந்தக் கை அசைந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கல்யாண வீட்டுக்குப் பட்டுடுத்தி வந்த ஒரு கிழவியை, இப்படி வந்தது தப்போ என்று நாம் கூச வைத்துவிட்டோம். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கூச வேண்டியவர் அவர் இல்லை.

என் மனத்தில் உள்ளது இதுதான். உடுத்துவது நம்மை விட்டுப் போய்விடவில்லை, மண்டபத்தை விட்டு இறங்கிப் படக்கருவியின் முன்னால் போய் நின்றுகொண்டது. படத்தில் விழப்போகிறவர்கள் முன்னைவிடப் பத்து மடங்கு உடுத்துகிறார்கள். படத்தில் விழாதவர்கள், சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள், எதற்கு மெனக்கெட வேண்டும் என்று நினைக்கிறார்கள். என் அப்பாவை அந்தக் கல்யாணத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. அவர் படத்துக்காக நகக்கண்ணைச் சுரண்டவில்லை, அந்த வீட்டாருக்காகச் சுரண்டினார்.

மரண வீட்டுக்கும் இதுவே பொருந்தும். அங்கே பட்டும் வேண்டாம், பகட்டும் வேண்டாம். வெளுத்த ஒரு வெள்ளைச் சட்டை போதும். நெஞ்சில் கேலி வாசகம் அச்சடித்த சட்டையோடு ஒருவர் வந்து, கணவனை இழந்த பெண்ணின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர்தான். அந்தப் பெண்ணின் கண் அந்த எழுத்தின் மேல்தான் போனது.

நான் இளையவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற வரவில்லை. ஷா ஆலாமில் ஷிப்ட் முடித்து, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் கிடந்து, நேராக மண்டபத்துக்கு வருகிற பிள்ளையிடம் வேட்டி எங்கே என்று கேட்க எனக்கு மனம் வராது. நம் ஊர் வெக்கை வேறு. அதோடு 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்தைக் கைப்பேசியில் பார்த்தோம், கருமாதியையும் கைப்பேசியில் பார்த்தோம். வீட்டு உடையிலேயே எல்லாவற்றிலும் கலந்துகொண்டோம். அந்தப் பழக்கம் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பலரை விடவில்லை.

சட்டம் போடச் சொல்லியும் நான் வரவில்லை. 2015-இல் இங்கே சில அரசு அலுவலகங்களுக்குப் போன பெண்களைப் பாவாடை குட்டையாக இருக்கிறது என்று நிறுத்தி, கைலியைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்ன செய்தி வந்ததே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் நடந்தது இன்னும் கொடுமை. 2014 ஜூலை மாதம், சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வேட்டிக்கு உள்ளே அனுமதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாட்டில், தமிழன் வேட்டியில் வந்தால் மரியாதைக் குறைவாம்! வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு ஆண்டுகள் ஆன பிறகு! அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அந்தத் தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. மரியாதை என்ற பெயரில் மனிதனை வாசலில் நிறுத்துகிற எந்த விதியையும் நான் ஆதரிக்க மாட்டேன், அது மன்றமானாலும் சரி, அலுவலகமானாலும் சரி.

ஆனால் யாரையும் தாழ்த்தாமல் எல்லோரையும் சமமாக்கும் முறையும் உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசாமி கோயிலுக்குப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். அங்கே ஆண்கள் எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அமைச்சராக இருந்தாலும் அப்படித்தான், மீன் விற்கிறவராக இருந்தாலும் அப்படித்தான். எவனுடைய சட்டை விலை உயர்ந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குப் பிடித்த முறை அது. உடை ஒருவரை ஒருவர் அளப்பதற்கு அல்ல, ஒரே தரையில் நிற்பதற்கு.

சட்டம் இல்லாமலே இந்தப் பழக்கம் எப்படி நிலைக்கும் என்பதற்கு நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களைப் பாருங்கள். நோன்புப் பெருநாள் காலையில் அப்பா, மகன், பேரன் மூவரும் பாஜு மலாயு போட்டு, இடுப்பில் சம்பின் கட்டி, தலையில் சொங்கோக்கோடு வருகிறார்கள். படம் எடுக்க மட்டுமா? அதே உடையில் பள்ளிவாசலுக்குப் போகிறார்கள், அதே உடையில் நம் வீட்டுக்கும் வருகிறார்கள். அந்த வீட்டுப் பதினாறு வயதுப் பையனுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. ஏன் என்றால் மூன்று வயதிலிருந்து அவன் அப்பா அவனுக்குக் கட்டிவிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவன் அதைப் பார்க்கிறான்.

நம் பிள்ளைகளுக்கு அது நடக்கிறதா? தமிழ்ப்பள்ளியில் பொங்கல் நாள் அன்று போய்ப் பாருங்கள். குட்டி வேட்டியும் பாவாடை சட்டையுமாகத் திடல் முழுக்கப் பூத்திருக்கும். முப்பத்தோர் ஆண்டு ஆசிரியையாக இருந்து அதைப் பார்த்தவள் நான். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அந்த வேட்டி நின்றுவிடுகிறது. பதினைந்து வயதில் அவனுக்கு வேட்டி கட்டத் தெரியாது. இருபத்தைந்தில் அவிழ்ந்துவிடுமோ என்று பயம். பெண்பிள்ளைகளும் அப்படித்தான். ஆசை இருக்கிறது, கொசுவம் வைக்கத் தெரியாது. காசு கொடுத்து முன்கூட்டியே மடிப்பு வைத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதையும் நான் தவறு சொல்ல மாட்டேன். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியையும் தவறு சொல்ல மாட்டேன். கட்ட வேண்டும் என்று தோன்றியதே, அது பெரிது. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது யார்? நாம்தான். பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகள் உடுத்துவதில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்பாவின் அந்த வேட்டி என்னிடம் இருக்கிறது. மஞ்சள் ஏறிவிட்டது. ஓரிடத்தில் கரிப்பொறி பட்டு, அவரைக்காய் விதை அளவுக்கு ஓர் ஓட்டை. அம்மா அதை வெள்ளை நூலால் தைத்திருக்கிறார். தையலைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்றைக்கு அதைக் கொண்டுவரவில்லை. ஆனால் புது வேட்டி பத்து கொண்டுவந்திருக்கிறேன், சேலை ஆறு. நன்றியுரை முடிந்ததும் மண்டபத்தின் பின்னால், தேநீர் மேசைக்குப் பக்கத்து அறையில் என் தம்பி நிற்பார். கட்டத் தெரியாத ஆண்பிள்ளைகள் அவரிடம் போங்கள். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், சிலுவாருக்கு மேலேயே கட்டிப் பழகலாம். பெண்பிள்ளைகள் எதிர் அறைக்கு வாருங்கள், நான் இருப்பேன். இங்கே வந்திருக்கும் பெரியவர்களில் கொசுவம் வைக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், கைகொடுக்க ஆள் வேண்டும். கற்றுக்கொண்டவர்கள் அந்த வேட்டியையும் சேலையையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.