தென் ஐரோப்பிய நகரங்களில் திருநாள் பார்க்கப் போகிறவர்களுக்கு

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பங்கிலிருந்து முப்பது பேருக்கு மேல் உரோமை, பதுவை, லிஸ்பன் என்று திருப்பயணம் புறப்பட இருக்கிறீர்கள். "நீர் ஒருமுறை போய் வந்தவர், அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லும்" என்று குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். பெட்டி எத்தனை கிலோ, விசாவுக்கு என்ன தாள் என்பதையெல்லாம் அழைத்துப் போகிற கம்பெனிக்காரர் சொல்லுவார். அவர் சொல்லாததை நான் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

2022 மே 15 அன்று இராயப்பர் சதுக்கத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம். அதில் ஒருவர் நம் நட்டாலத்துக்காரர். 1745-இல் வடக்கன்குளத்தில் புத்தாரி என்ற இத்தாலிய சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு, கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட தேவசகாயம். அந்த நாளைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. ஆனால் இன்று சொல்ல வந்தது அதன் பிறகு நடந்ததை. அடுத்த எட்டு நாட்களில் எங்களைப் பதினாறு கோயில்களுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மரியா மேஜர் பேராலயத்துக்கு இருபது நிமிஷம். உள்ளே நுழைந்து, அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, பஸ்ஸில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் நின்ற இடம் எது என்று. கோடை நடுவில் பனி பெய்து மாதா இடம் காட்டினாள் என்று பாரம்பரியம் சொல்லுகிறதே, அந்தக் கோயில் அது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5-ஆம் நாள் அங்கே பூசை நடக்கையில் மேல் முகட்டிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைப் பனிபோல் கொட்டுவார்கள். அதே ஆகஸ்டு 5 நம் தூத்துக்குடி பனிமய மாதா திருநாள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஆண்டு தவறாமல் தூத்துக்குடிக்குப் போகிறவர்கள். ஒருவருக்கும் தெரியாது, இதுதான் பனிமய மாதாவின் தாய் வீடு என்று. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்: "சாரே, ஒரு பூவாவது வச்சுக் கும்பிட்டிருப்பேனே!" 2025 ஏப்ரலில் பிரான்சிஸ் பாப்பரசரை அடக்கம் செய்ததும் அந்தக் கோயிலில்தான். இனிப் போகிறவர்கள் இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிடாதீர்கள்.

ஆகவே என் முதல் வார்த்தை: நகரத்தைப் பார்ப்பது வேறு, திருநாளில் நகரத்தைப் பார்ப்பது வேறு. கல்லும் சித்திரமும் என்றைக்கும் அங்கே இருக்கும். அந்த ஊர்க்காரன் தன் புனிதருக்கு என்ன செய்கிறான், என்ன பாடுகிறான், எப்படி அழுகிறான் என்பது ஆண்டுக்கு ஒருநாள்தான் தெரியும். கம்பெனிக்காரர் தரும் தேதிக்கு நீங்கள் போகாமல், நீங்கள் சொல்லும் தேதிக்கு அவரை வரச் செய்யுங்கள். ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஓரூரில் மூன்று இரவாவது தங்குங்கள்.

2023-இல் என் மகன் லிஸ்பனில் வேலையாயிருந்தபோது இரண்டரை மாதம் அவனோடு தங்கினேன். அதனால் செவில்லாவையும் லிஸ்பனையும் கண்ணால் பார்த்துச் சொல்லுகிறேன். மற்றவை படித்தும் கேட்டும் அறிந்தவை.

லிஸ்பன்தான் நம் கோடி அற்புதர் பிறந்த ஊர். பதுவை அந்தோனியார் என்று நாம் சொன்னால் லிஸ்பன்காரர்களுக்குக் கோபம் வரும். "பிறந்தது இங்கே, இறந்ததுதானே அங்கே!" என்பார்கள். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில், பெரிய கோயிலுக்கு அருகிலேயே, அந்தோனியார் ஆலயம் நிற்கிறது. ஜூன் 12 இரவு அந்த ஊர் தூங்காது. பேட்டைக்குப் பேட்டை காகிதத் தோரணம். ஒவ்வொரு பேட்டையாரும் தங்களுக்கென்று உடுப்பும் பாட்டும் வைத்து அகன்ற சாலையில் ஆடி வருவார்கள். சந்துகளில் அடுப்பு வைத்துச் சாளை மீன் சுடுகிறார்கள். ஆம், நம் சாளைதான்! கல் உப்பைத் தூவி, கனலில் போட்டு, ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருகிறார்கள். அந்தப் புகையில் நின்றபோது நான் போர்ச்சுக்கலில் இருக்கிறேனா, குளச்சலில் இருக்கிறேனா என்றாகிவிட்டது. துளசி இனத்துச் செடி ஒன்றைச் சிறு சட்டியில் வைத்து, காகிதப் பூவும் நாலு வரிப் பாட்டும் செருகி விற்கிறார்கள். அதை மூக்கை வைத்து முகரக்கூடாதாம். உள்ளங்கையால் தடவி, கையை முகர வேண்டுமாம். மறுநாள் 13-ஆம் தேதி மாலை புனிதரின் சுரூபப் பவனி. அதே நாளில் பதுவையிலும் பவனி உண்டு. எந்த ஊரில் நிற்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பதுவைக்குப் போனால் கல்லறையின் பளிங்குப் பலகைமேல் கையை வைத்துச் செபிக்கும் வரிசையில் நிற்கத் தவறாதீர்கள். 1231-இல் அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நம் ஊர்களில் செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயிலுக்கு ஓடுகிறோமே, அதன் மூலம் அங்கே இருக்கிறது.

லிஸ்பனின் பழைய பேட்டையான அல்பாமாவில் இரவில் பாது என்ற பாட்டு கேட்கலாம். பாடுகிறவருக்குப் பின்னால் இரண்டு கித்தார் மட்டும். பாஷை புரியவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத துக்கம் இந்தப் பாட்டுகளில் நிறைய என்று மகன் சொன்னான். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்த நாட்களில் நம் கடற்கரைகளில் கேட்ட குரல்கள் என் காதுக்கு வந்தன. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கன்னியாகுமரி உபகார மாதாவுக்கு ஆங்கிலத்தில் 'அவர் லேடி ஆப் ரான்சம்' என்று பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரான்சம் என்றால் சிறைப்பட்டவனை மீட்கக் கொடுக்கும் பணம். அடிமைகளாகப் பிடிபட்ட கிறிஸ்தவர்களை மீட்க 1218-இல் பேதுரு நொலாஸ்கோ என்பவர் ஒரு சபையைத் தொடங்கினார். தொடங்கிய ஊர் ஸ்பெயின் நாட்டு பார்சலோனா. அந்த மாதாவே அந்நகரின் பாதுகாவலி. செப்டம்பர் 24 அவள் திருநாள். மனிதர்மேல் மனிதர் ஏறிக் கோபுரம் கட்டுவார்கள். உச்சியில் ஒரு சின்னப் பிள்ளை ஏறிக் கையை உயர்த்தும். கீழே நூற்றுக்கணக்கானவர் நெருங்கி நின்று தாங்குவார்கள். குமரிமுனைக்காரர்கள் யாராவது இதைப் பார்க்காமல் பார்சலோனாவிலிருந்து திரும்பினால் நான் வருத்தப்படுவேன்.

உரோமையில் சேசு சபையாரின் ஜேசு கோயிலில் சவேரியாரின் வலக்கரம் இருக்கிறது. நம் கரையோரத்தில் ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை. கோட்டாற்றுத் திருநாளுக்குக் கொடியேற்றத்திலிருந்து டிசம்பர் 3 வரை கால்கடுக்க நிற்கிற நாம், அங்கே போய் அந்தக் கையின் முன் ஐந்து நிமிஷம் முழந்தாளிடாமல் வரலாமா?

இத்தாலியின் தென்கோடியில் சிசிலித் தீவில் கத்தானியா என்று ஓர் ஊர். அங்கே பிப்ரவரி 3 முதல் 5 வரை ஆகத்தம்மாள் திருநாள். புனிதையின் சுரூபத்தை வைத்த வெள்ளிப் பீடத்தை வடம்பிடித்து இழுக்கிறார்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளும் இரண்டு வடங்கள். இழுக்கிறவர்களுக்கு வெள்ளை அங்கி, கறுப்புத் தொப்பி. மீன் விற்கிறவர், ரொட்டி சுடுகிறவர் என்று ஒவ்வொரு தொழிலாரும் தங்கள் பங்குக்கு ஒரு பெரிய மெழுகுதிரிக் கோபுரத்தைச் சுமந்து வருவார்கள், நம்மில் ஒவ்வொரு நாளையும் ஓர் அன்பியம் சிறப்பிப்பதுபோல. தேர் இழுப்பதும், தேருக்குப் பின்னால் உருண்டு கும்பிடு நமஸ்காரம் செய்வதும் நம்மவர்க்கு ஆகாது என்று முகம் சுளிக்கும் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. நம் தேரின் உருவம் இந்த மண்ணில் பிறந்தது. சுசீந்திரத்து மார்கழித் தேரைப் பார்த்து வளர்ந்த கண்கள் நம்முடையவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வடத்தைப் பிடிக்கிற கை மட்டும் கத்தானியாவிலும் கோட்டாற்றிலும் ஒன்றுதான்.

பாரி என்ற துறைமுகத்தில் மே மாதம் நிக்கோலாஸ் புனிதரின் சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். நேப்பிள்ஸ் நகரில் ஒரு தெரு முழுவதும் ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைதான் விற்பனை; மீன்காரியும் ரொட்டிக்காரனும் இயேசு பாலனைப் பார்க்க நிற்பார்கள். குடில் போட்டியில் பரிசு வாங்கும் நம் இளைஞர்கள் அந்தத் தெருவில் ஒருநாள் முழுக்க நிற்கலாம்.

இனிச் செவில்லாவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இன்று மேடையேறச் சம்மதித்தேன்.

குருத்து ஞாயிறு முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை அந்த ஸ்பானிய நகரத்தில் பவனி ஓயாது. நடத்துகிறவர்கள் பக்த சபையார். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் கொப்ராதியா. நம் பெரியவர்கள் கொம்பிரியார் சபை என்று சொல்லுவார்களே, அந்தச் சொல் போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்த அதன் உடன்பிறப்பு. முகத்தை மூடிக் கூம்புத் தொப்பி அணிந்து மெழுகுதிரியோடு நடக்கிறவர்களைக் கண்டு நம் பிள்ளைகள் பயப்படக்கூடும். தவம் செய்கிறவன் யாரென்று பிறர் அறியக்கூடாது என்பதற்காகவே அந்த மூடல் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரிய வியாழன் இரவு முழுவதும் நானும் மகனும் நடந்துகொண்டே இருந்தோம். சிலுவை சுமந்த ஆண்டவர் வருகிறபோது அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் நிற்கிறது. கன்னத்தில் கண்ணாடிக் கண்ணீர்த் துளியோடு மக்கரேனா மாதா வருகிறபோது பேண்டு முழங்குகிறது, ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். திடீரென்று ஒரு மாடியில் ஒருவர் தன்னந்தனியாகப் பாட ஆரம்பிக்கிறார். பக்கவாத்தியம் கிடையாது. பவனி நின்று கேட்கிறது. சயேத்தா என்று பெயராம். அம்பு என்று பொருளாம். தவக்காலத்தில் நம் தாய்மார் வியாகுல மாதாவைப் பாடும்போது இழுக்கும் இழுப்பு அதில் இருந்தது.

அந்தச் சப்பரங்கள் ஆயிரம் கிலோவுக்கும் மேல். சக்கரம் இல்லை. அடியில் முப்பது நாற்பது பேர், பிடரியில் துணிச் சும்மாடு வைத்துச் சுமக்கிறார்கள். நாற்புறமும் திரை தொங்குவதால் அவர்களுக்குத் தெரு தெரியாது. நமக்கு அவர்கள் முகம் தெரியாது, செருப்பு மட்டும் தெரியும். முன்னால் ஒருவர் சுத்தியால் தட்டிக் குரல் கொடுப்பார். அத்தனை பேரும் ஒரே துள்ளலாய் எழுந்து நிற்பார்கள்.

நம் பங்கில் ஓராண்டாக ஒரு பேச்சு அடிபடுகிறது. சப்பரம் தூக்க ஆளில்லை. பையன்கள் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கூலிக்கு ஆள் பிடித்தோம், அவர்கள் மூன்றாம் குருசடியிலேயே களைத்து இறக்கி வைத்துவிட்டார்கள். இனி டெம்போவில் ஏற்றிவிடலாம் என்று. சொல்லுகிறவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. போன திருநாளில் சப்பரம் ஒருபக்கம் சாய்ந்தபோது என் நெஞ்சும்தான் நின்றுபோயிற்று.

ஆனால் செவில்லாவில் ஒரு பெரியவர் மகன் வழியாக எனக்குச் சொன்னதைக் கேளுங்கள். அங்கேயும் வெகுகாலம் கூலி ஆட்கள்தான் சுமந்தார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள். காலம் மாற, அந்த ஆட்கள் கிடைப்பது அரிதாயிற்று. கூலி ஏறிற்று. அவர்களும் சக்கரம் வைப்பதைப் பற்றி யோசித்திருக்கக்கூடும். 1973-இல் மாணவர்களின் பக்த சபை ஒன்று, "கூலிக்கு ஆள் வேண்டாம், சகோதரர்கள் நாங்களே அடியில் நுழைகிறோம்" என்று இறங்கிற்று. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள்! மூட்டை தூக்கி அறியாத தோள்கள். பாதியில் விழுந்துவிடுவார்கள் என்று பேசினவர்கள் உண்டாம். விழவில்லை. ஒவ்வொரு சபையாகப் பின்பற்றி, இன்று இடம் கிடைக்காமல் இளைஞர்கள் காத்திருக்கிறார்கள்.

அது எப்படி முடிந்தது என்று கேட்டேன். தவக்காலத்துக்கு வெகு முன்னாலிருந்தே, சுரூபமில்லாத வெறும் சட்டத்தின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றி, இரவில் தெருத்தெருவாய் நடந்து பழகுகிறார்கள். உயரம் பார்த்து ஆளை நிறுத்துகிறார்கள். யார் எங்கே இறங்கி யார் ஏறுவது என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்தி மட்டும் போதாது, பழக்கம் வேண்டும் என்றார் அந்தப் பெரியவர்.

அந்த நாட்டிலும் சாதாரண ஞாயிறுகளில் பல கோயில்களில் பாதிப் பெஞ்சு காலி. நம் மறைமாவட்டத்துக் குருக்கள் அங்கே போய்ப் பூசை வைக்கிற காலம் இது. அப்படிப்பட்ட ஊரில் அந்தச் சட்டத்தின் அடியில் நுழைய இருபது வயதுப் பையன்கள் வருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பயணம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. திருநாள் நாட்களில் அறை கிடைப்பது கடினம், இப்போதே சொல்லி வையுங்கள். தோள் மறையும் உடுப்பு, நடக்கத் தோதான செருப்பு, பணப்பையை உட்பையில். அவ்வளவுதான்.

நம் திருநாள் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்பது ஞாயிறுகள் இருக்கின்றன. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு சப்பரக் கொட்டகையைத் திறந்து தரப் பங்குத்தந்தை அவர்கள் அன்புடன் இசைந்திருக்கிறார்கள். சுரூபத்தை எடுக்கப் போவதில்லை. ஆறு மணல் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். பதினாறு பேர் வேண்டும்; மாற்றுக்குப் பதினாறு பேர். விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளையும் அனுப்புங்கள். முதல் குருசடி வரை போய்த் திரும்புவோம். எனக்கு எழுபத்திரண்டு வயது, தூக்க முடியாது. முன்னால் நின்று தட்டுகிற வேலையை எனக்குத் தாருங்கள். வருகிறவர்கள் தோளுக்கு ஒரு தடித்த துண்டு கொண்டு வாருங்கள்.