ஊருக்கு விடுமுறை, நமக்கு வேலை



வேலை தேடுகிற பிள்ளைகளிடம் இந்த டிசம்பர் மாதத்தில் “எங்கேயாவது போய்க் கேட்டாயாப்பா?” என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. “பொங்கல் கழியட்டும் சார், பார்த்துக்கலாம்.” பெற்றவர்களும் அதையே சொல்கிறார்கள். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், கிறிஸ்துமஸ் லீவில் ஆபீசில் யார் இருப்பார்கள், தை பிறந்தால் வழி பிறக்கும் என்று வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருக்கிறது.

மென்பொருள் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்கு இந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வாடிக்கையாளர்கள் டிசம்பரின் கடைசி இரண்டு வாரங்களில் விடுமுறைக்குப் போய்விடுவதால் அங்கே காரியங்கள் மெதுவாகத்தான் நகரும். தவளக்குப்பத்திலும் அரியாங்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் குடியிருக்கிற நமக்கு அது பொருந்தாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு எது விடுமுறைக் காலமோ, அதுதான் நமக்கு வேலைக்காலம்.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கடலூர் சாலையில் நோணாங்குப்பம் பாலத்தை ஒட்டி சுண்ணாம்பாறு படகு குழாம். அங்கே படகேறினால் பாரடைஸ் பீச். சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. வடக்கே புதுச்சேரி நகரம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் கிளம்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடுகிறார்கள். பெங்களூர்க்காரர்களுக்கு ஓர் இரவுப் பயணம். கிறிஸ்துமஸில் தொடங்கிப் பொங்கல் லீவு வரை அறைகளுக்கு அடிதடி. அத்தனை பேருக்கும் படுக்கை விரிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், படகில் ஏற்றி இறக்க வேண்டும், வாடகை ஸ்கூட்டருக்குக் கணக்கு எழுத வேண்டும். அந்த நேரத்தில் ஆள் போதாமல் தவிக்காத இடம் குறைவு.

நான் ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் அறை துடைக்கிற பையனாகச் சேர்ந்து, பிறகு ஆள் எடுக்கிற பொறுப்புக்கு வந்தவன். இப்போது நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி சொல்வதில்தான் என் பொழுது போகிறது. சீசனுக்கு முன், சீசனில், சீசன் முடிந்த பின் என்று மூன்று கட்டமாகச் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதல் கட்டம் சின்னதுதான். ஆதார், வங்கிப் புத்தகம், சான்றிதழ்கள் இவற்றின் நகல்கள் ஒரு கவரில் தயாராக இருக்கட்டும். சமையலறையில் வேலை கேட்கிறவர்கள் மருத்துவச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவைக் கையாளுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. கொடுக்கிற போன் நம்பர் எப்போதும் எடுக்கிற நம்பராக இருக்க வேண்டும். அழைத்து எடுக்கவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். சீசனில் இரண்டாவது முறை அழைக்க யாருக்கும் நேரமிருக்காது.

எப்போது போய்க் கேட்பது என்பதுதான் முக்கியம். அபிஷேகப்பாக்கத்துப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் முடித்தவன், சனிக்கிழமை சாயங்காலம் சான்றிதழ்க் கோப்போடு நாங்கள் இருந்த ஓட்டலுக்கு வந்தான். வரவேற்பறையில் பெட்டியும் குழந்தைகளுமாக இரண்டு வண்டிக் கூட்டம் நிற்கிறது. மேனேஜர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேன் அண்ணன்தான் அவனைக் கூப்பிட்டு, “தம்பி, செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வா” என்றார். அந்த நேரத்தில்தான் அறை காலி செய்கிறவர்கள் போயிருப்பார்கள், மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், இரவுக் கூட்டம் தொடங்கியிருக்காது. செவ்வாய்க்கிழமை வந்தான். மேனேஜர் உட்கார வைத்து, டீ கொடுத்துப் பேசினார். பையனும் அவன்தான், கோப்பும் அதேதான். வந்த நேரம் மட்டும் வேறு. அதனால் வேலை கேட்டுப் போகும்போது வாட்ச்மேனுக்கு முதலில் ஒரு வணக்கம் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் ஆள் குறைகிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். நேயர்களே, இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்வேன். பத்து நாள், பதினைந்து நாள் என்று கிடைக்கிற தற்காலிக வேலை. “டிகிரி படித்துவிட்டு அறை பெருக்குவதா?” என்று கேட்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்கிறேன். நேர்காணலில் ஒருவரை அரை மணி நேரம் பார்க்கிறோம். சீசனில் பத்து நாளும் பார்க்கிறோம். களைத்திருக்கும்போது எப்படிப் பேசுகிறார், யாரும் கவனிக்காத இடத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது எந்த விண்ணப்பத்திலும் இருக்காது.

ஹவுஸ்கீப்பிங் என்றால் பெருக்குவது, துடைப்பது என்று மட்டும் நினைக்கிறார்கள். ஒரு படுக்கையை விரித்துப் பாருங்கள். விரிப்பின் நடு மடிப்பு கட்டிலின் நடுவில் விழ வேண்டும். நான்கு மூலையிலும் துணியைச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருக வேண்டும். விருந்தாளி இரவெல்லாம் புரண்டாலும் மூலை கழன்று வரக்கூடாது. தலையணை உறையின் திறந்த பக்கம் கதவைப் பார்க்கக்கூடாது. குளியலறையை முடித்து வெளியே வரும்போது பின்னால் நடந்து வந்து, தன் கால் தடத்தையும் துடைத்துவிட்டு வர வேண்டும். இவ்வளவும் அரை மணி நேரத்துக்குள். அடுத்த குடும்பம் கீழே காத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த நாட்கள்தான் என் வேலையில் எனக்குப் பிடித்த நாட்கள். முதல் நாள் கோணலாக விரிப்பார்கள். நாலாம் நாள் ஒரு மூலை சரியாக விழும்போது அவர்களே ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். அந்தப் பார்வை வந்துவிட்டால் இவர் தங்குவார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரைக்கும்தான் வேலை என்று சொல்லித்தான் எடுத்தோம். சீசனில் ஓட்டல்களுக்குப் பெரிய தலைவலி சலவைக் கணக்கு. விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாகச் சலவைக்குப் போகும். வருவது குறைவாக வரும். யார் எண்ணுவது? நேரமே இல்லை. அந்த அம்மா யாரும் சொல்லாமலே தினமும் தன் மாடியிலிருந்து போன துணியையும் வந்த துணியையும் எண்ணி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். ஜனவரி இரண்டாம் தேதி கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். மற்ற மாடிகளில் எது எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் மாடியில் மட்டும் இரண்டு துண்டுகள் குறைவு, அவை எந்த அறையில் எந்தத் தேதியில் குறைந்தன என்பதும் தாளில் இருந்தது. “யாரும்மா இதை எழுதச் சொன்னது?” என்று கேட்டேன். “எங்க ஊட்டுத் துணின்னா எண்ண மாட்டேனா சார்?” என்றார். அந்த மாதமே அவரைத் துணி இருப்பு அறைக்குப் பொறுப்பாளராக நிரந்தரமாக எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு பையன். அவன் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நம் ஊரில் சொல்தா என்போமே, அவர்களில் ஒருவர். தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய நாலு வார்த்தை பிரெஞ்சு அவனுக்குத் தெரியும். விண்ணப்பத்தில் அதை எழுதவே இல்லை, அது ஒரு தகுதி என்று தோன்றவில்லையாம். காலை டிபன் பகுதியில் பிரான்சிலிருந்து வந்த வயதான தம்பதி முட்டை சேர்க்காத ரொட்டி கேட்டுத் திணறியபோது அவன் போய்ப் பேசினான். மறுநாளிலிருந்து அந்த மேசைகள் அவன் பொறுப்பு. பிள்ளைகளே, பாட்டியிடம் கற்ற மீன் குழம்பானாலும் அண்ணனின் படகில் பழகிய நீச்சலானாலும், உங்களுக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேருகிற அன்றே சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்டுவிட வேண்டும். சம்பளம் நாள் கணக்கா, மொத்தமாகவா? எந்தத் தேதியில் தருவீர்கள்? இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வண்டி விடுவீர்களா? பெண்பிள்ளைகள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். டிசம்பர் 31 இரவு கடற்கரைச் சாலைப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பி விட்டுவிடுவார்கள். தவளக்குப்பத்துக்குப் பஸ்ஸைத் தேடி நள்ளிரவில் நடக்க முடியாது.

எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தால் அதற்குக் கூடுதல் கூலி கேட்பது உங்கள் உரிமை. எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்கம் வைக்கிற உரிமைக்காகவும் போராடி, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் உயிரைக் கொடுத்த ஊர் நம் புதுச்சேரி. அந்த ஆலைச் சங்குகள் இன்று ஊதுவதில்லை. அவர்கள் வாங்கித் தந்த உரிமை ஓட்டலிலும் துணிக்கடையிலும் நிற்கிற உங்களுக்கும் சேர்ந்ததுதான்.

இ.எஸ்.ஐ. பற்றியும் கேளுங்கள். அந்தத் திட்டத்துக்குள் வருகிற நிறுவனமாக இருந்து, உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். உடம்புக்கு ஒன்று வந்தால் அப்போது தெரியும் அதன் அருமை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில், சட்டம் சொல்கிற சம்பள வரம்புக்குள் இருந்து, ஒரு கணக்கு ஆண்டில் 30 நாளாவது வேலை செய்தவருக்குப் போனஸ் உண்டு. ஆகவே வேலை செய்த நாட்களை நீங்களே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள். யூனிபாரத்துக்கு, பயிற்சிக்கு, பதிவுக்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வீட்டிலிருந்தே ஓட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று போனில் செய்தி வந்தால் அது உங்கள் பணத்துக்கு வைத்த வலை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் அந்த ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவர்தானா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

இயற்கையையும் கணக்கில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல். சீசன் வருமானத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்க வேண்டாம். அதே நேரம், தானே அடித்த மறுநாள் மரம் அகற்றவும் அறைகளில் புகுந்த நீரை இறைக்கவும் தாமாக வந்து நின்ற பிள்ளைகளை எங்கள் நிர்வாகம் மறக்கவில்லை. அறைகள் திறந்ததும் முதலில் அவர்களைத்தான் கூப்பிட்டோம்.

நேரம் நெருங்குகிறது. மூன்றாவது கட்டத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். சீசன் முடிகிற கடைசி நாளில் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். வேலை செய்ததற்கு ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள். “மறுபடி ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் சார்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். பொங்கல் கழிந்ததும் ஒரு நடை போய்ப் பாருங்கள். தற்காலிகமாக வந்தவர்களில் யாரை வைத்துக்கொள்வது என்று யோசிப்பதும் அப்போதுதான். இந்த ஆண்டு தவறவிட்டால் கோடை விடுமுறை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கிற அந்த 61 நாளில் நல்லவாடு, வீராம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சீசன் வேலை பெரிய உதவி.

நல்லவாடு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு நம் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. நல்லவாட்டு மையத்தில் ஒலிபெருக்கி வைத்து அலையின் நிலவரத்தை மீனவர்களுக்குச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறித் தப்பியது. ஒரு செய்தி உரிய நேரத்தில் ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து ஊர் உலகத்துக்கே காட்டியிருக்கிறது.

வேலைச் செய்தியும் அப்படிப் பரவ வேண்டும். ஓட்டல் நடத்துகிறவர்களே, கடை வைத்திருக்கிறவர்களே, ஆள் தேவை என்றால் தெரிந்தவரிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் சொல்லுங்கள். ஏற்கனவே வேலையில் இருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் இடத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று தெரிந்தால் இன்று இரவே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். வேலை தேடுகிற பிள்ளைகளே, பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கவரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.