உள்ளக் காயமும் உடலின் நடுக்கமும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் பேசுவது வழக்கமாக ஸக்காத், மக்தப் பிள்ளைகளின் வருகை, சந்தா பாக்கி ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். சந்தா பாக்கியைப் பொருளாளர் கவனித்துக்கொள்வார். நாம் இன்று, வெட்கத்தினால் நம்மில் பலர் வாய் திறவாத ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். உள்ளத்தில் ஏற்பட்ட காயத்திற்கு ஆற்றுப்படுத்தல் பெறச் செல்வோர் அங்கு என்ன எதிர்பார்க்கலாம், எதனைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அது. கவுன்சலிங் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

2024 நவம்பர் 30 இரவை நாம் மறந்துவிடவில்லை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தும் அசையாமல் நின்றது. மயிலத்தில் ஒரு நாளில் பெய்த மழை ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். திண்டிவனத்தில் தாழ்வான தெருக்களெல்லாம் நீரில் மூழ்கின. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் வழக்கம்போல் ஏரியாயிற்று. அது ஏரியில் கட்டப்பட்டதுதானே! டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைமீறியது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. வெள்ளம் வடிந்தபின் நம் ஜமாஅத்தார் பாய், போர்வை, அரிசி வழங்கினீர்கள். அல்லாஹ் அதனை ஏற்றருள்வானாக. ஆனால் வெள்ளம் வடிந்த பின்னும் சிலருடைய உடலுக்குள் அது வடியவில்லை. அதனை நாம் கவனிக்கத் தவறினோம்.

ஓர் இளைஞர். அவருடைய அனுமதியைப் பெற்று, அடையாளம் தெரியாவண்ணம் சில விவரங்களை மாற்றியே கூறுகின்றோம். அன்றிரவு தாயாரைத் தோளில் சுமந்து, மார்பளவு நீரில் நடந்து கரையேறியவர். இரண்டு மாதங்கள் கழித்து நம்மிடம் வந்தார். தகரக் கூரையில் நாலு துளி விழுந்தாலும் நெஞ்சு படபடக்கிறது, கைகள் மரத்துப் போகின்றன, உறக்கம் இல்லை, ஓதிப் பாருங்கள் என்றார். ஓதினோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஈமானில் பலம் இருந்தால் இப்படியெல்லாம் வராது என்று ஒரு சொல்லையும் சேர்த்துக் கூறிவிட்டோம். அவர் தலையைக் குனிந்தவாறு சென்றார். அதன்பின் ஜும்ஆவுக்கும் வரவில்லை. நான்கு மாதங்கள் கழித்து அவருடைய தாயார் வந்து, "ஹஜ்ரத், பிள்ளை அறையை விட்டே வெளியே வருவதில்லை" என்று அழுதபோதுதான் நம் சொல் எங்கே சென்று தைத்தது என்று விளங்கியது.

அந்த இளைஞருக்கு ஈமானில் குறைவில்லை. பேராபத்தில் சிக்கும்போது மனிதன் சிந்திக்கும் முன்பே உடல் செயற்படத் தொடங்கிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; தசைகள் இறுகுகின்றன. எதிர்த்து நில், அல்லது ஓடு, இரண்டும் இயலாவிடில் உறைந்து நில் என்பதே உடலுக்கு இடப்பட்ட கட்டளை. அது உயிரைக் காக்க இறைவன் வைத்த ஏற்பாடு. ஆபத்து நீங்கியதும் அது தணிந்துவிட வேண்டும். சிலருக்குத் தணிவதில்லை. மழையின் ஓசை, சேற்றின் வாடை, இருள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். ஆபத்து மீண்டும் வந்துவிட்டதாக உடல் எண்ணிக்கொள்கிறது. வெள்ளம் மட்டுமன்று. விபத்து, வன்முறை, இல்லத்துக்குள் நிகழும் அடி உதை, சிறுவயதில் இழைக்கப்பட்ட கொடுமை ஆகியவையும் இவ்விதமே தடம் பதிக்கின்றன. இந்நிலை நீடித்து வாழ்வைக் குலைப்பதை 1980 ஆம் ஆண்டிலிருந்து மருத்துவ உலகம் தனியொரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது.

இது நமக்குப் புதிய செய்தியா? ஹிராக் குகையிலிருந்து இறங்கி வந்த நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்துடன் இல்லம் புகுந்து, தம்மைப் போர்த்துமாறு கூறினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் உடனே கேள்வி எதுவும் கேட்கவில்லை. போர்த்தினார்கள். அச்சம் நீங்கும்வரை காத்திருந்தார்கள். அண்ணலார் தாமாக நடந்ததைக் கூறிய பின்னரே ஆறுதல் மொழிந்தார்கள். உறவைப் பேணுபவர், எளியோரின் சுமையைத் தாங்குபவர் என்று அவர்தம் நற்பண்புகளையே நினைவூட்டினார்கள். பின்னர் விவரம் அறிந்தவரான வரகா பின் நவ்ஃபல் அவர்களிடம் அழைத்துச் சென்றார்கள். முதலில் உடலுக்குப் பாதுகாப்பு, பிறகு சொல், அதன்பின் அறிந்தவரிடம் சேர்ப்பித்தல். மத்ரஸாவில் இச்சம்பவத்தை எத்தனை முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம்! அந்த இளைஞர் முன் நின்றபோது அது நம் நினைவுக்கு வரவில்லையே என்பதே நம் வருத்தம். கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ அவர்களும் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்தெழுதி, அச்சம், சினம், துயரம், வீண் எண்ணங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் வகுத்தார்கள்.

இனி அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். இளைஞரை நாமே அழைத்துச் சென்றோம். முதலில் பொது மருத்துவர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தமும் சோதித்தார்கள். இது அவசியம். படபடப்புக்கு இதயமோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். அவை இல்லையென்று தெளிந்தபின் மனநல மருத்துவர், அவர் வழியாக ஆற்றுப்படுத்துநர். நாம் வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தோம். உள்ளே நடந்ததை அவரே பின்னர் கூறினார்.

எங்கே அமர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்களாம். கதவு தெரியும்படியான நாற்காலியைத் தேர்ந்தார். கூறப்படுவது வெளியே போகாது என்றும், உயிருக்கு ஆபத்து என்னும் நிலை போன்ற சில வேளைகளில் மட்டுமே பிறருக்குத் தெரிவிக்க நேரும் என்றும் முதலிலேயே விளக்கினார்கள். அன்றிரவு நடந்ததைச் சொல் என்று யாரும் வற்புறுத்தவில்லை. உறக்கம் எப்படி, உணவு எப்படி, எப்போது நெஞ்சு இறுகுகிறது, எது செய்தால் சற்றுத் தளர்கிறது என்றே வினவினார்கள். பாதங்களைத் தரையில் நன்கு ஊன்றி, அறையில் காணும் பொருள்களை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லச் செய்தார்கள். மூச்சை இழுப்பதைக் காட்டிலும் விடுவதை நீளமாக்கும்படி பழக்கினார்கள். மழையை நினைக்கும்போது உடலில் எங்கே என்ன தோன்றுகிறது என்று கேட்டு, சற்று நேரம் அதனைக் கவனித்து, உடனே பாதங்களுக்குத் திரும்பச் செய்தார்கள். சிறிது சிறிதாக, கை உயர்த்தினால் நிறுத்திவிட வேண்டும் என்னும் ஏற்பாட்டுடன். உடல் வழி ஆற்றுப்படுத்தல் என்பது இதுவே. பார்ப்பதற்கு மிக எளியதாய்த் தோன்றும். முதல் நாள் திரும்பும்போது, "இதற்கா ஹஜ்ரத் இவ்வளவு தூரம்?" என்றுதான் அவரும் கேட்டார். அன்றிரவு அசதியில் உறங்கினார். மூன்றாம் வாரம் காரணமின்றி அழுகை வந்து அஞ்சினார். இத்தகைய ஏற்ற இறக்கங்கள் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தபடியால் மீண்டும் சென்றார். ஒரே அமர்வில் தீர்வதன்று இது.

சகோதரிகள் குறிப்பாகக் கேட்க வேண்டியது ஒன்று. உடல் வழி என்றவுடன் தொடுவார்களோ என்னும் ஐயம் எழும். தொடுதல் இதற்கு இன்றியமையாததன்று. கேளாமல் ஒருவர் தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது சிகிச்சை ஆகாது. பெண் ஆற்றுப்படுத்துநரைக் கேட்டுப் பெறலாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆயினும் இல்லத்தில் அடிபடும் பெண்ணுக்குத் துணையாக அடிப்பவரையே அனுப்பி வைக்கும் மடமையை நாம் செய்யக் கூடாது. கணவர் வெளியே அமரட்டும்.

நல்ல ஆற்றுப்படுத்துநர் வருபவரின் மார்க்கம், மொழி, சாதி, உடற்குறை எதையும் இழிவாகப் பார்க்க மாட்டார். தொழுகை நேரத்தையும் நோன்பையும் கேட்டறிந்து அதற்கேற்ப நேரம் ஒதுக்குவார். உன் நம்பிக்கைதான் நோய்க்குக் காரணம் என்று கூறுபவர் நமக்கு வேண்டாம். அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். கூவாகத்திற்கு அண்டை ஊர்க்காரர்கள் நாம். திருநங்கையர் நம் வீதிகளில் நடப்பவர்களே. மருத்துவமனை பெஞ்சில் அவர்களுள் ஒருவர் அருகே அமர்ந்தால் முகம் சுளிக்காதிருப்பது நம் கடமை. வலி எல்லோருக்கும் ஒரே விதமாகவே வலிக்கிறது.

புகழ்ச்சி மட்டும் போதாது, எச்சரிக்கையும் வேண்டும். உடல் வழி முறைகளுள் பீட்டர் லெவின் என்பவர் வகுத்தது பெயர் பெற்றது. எனினும் அதற்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவே. உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பெரியவர்களின் இந்நோய்க்குப் பரிந்துரைத்தவற்றுள், காயத்தை மையப்படுத்திய சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் இ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவு வழிச் சிகிச்சையும் அடங்கும். ஆகவே மூச்சுப் பயிற்சி ஒன்றே போதும், மாத்திரைகளை நிறுத்திவிடு என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நாள் பயிலரங்கில் அமர்ந்து சான்றிதழ் பெற்று அறைக்கதவில் பலகை மாட்டியோரும் உளர். எங்கே பயின்றீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்க வேண்டும்.

ஜின், செய்வினை என்று அலைவதைப் பற்றி நீண்ட விவாதம் இங்கு வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். அவர்கள் ஓட முயன்றிருப்பார்கள். கால்களில் சங்கிலி இருந்தது. அவர்களை அங்கே விட்டுவந்தவர்கள் தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே. குணமாக வேண்டும் என்னும் ஆசையினால் விட்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றம் தாமாகவே அவ்வழக்கைக் கையில் எடுத்தது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது; சிகிச்சை பெறுவதையும் இரகசியம் காக்கப்படுவதையும் அவருடைய உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. நம் மாவட்டத்திலேயே 2023 பிப்ரவரியில், விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்ட செய்தியை அறிவீர்கள். குற்றச்சாட்டுகளைப் பற்றி நீதிமன்றம் முடிவு செய்யும். காப்பகத்தில் சேர்ப்பதற்கு முன் அரசுப் பதிவு உண்டா என்று கேட்பதும், சேர்த்தபின் மாதமொருமுறையேனும் நேரில் சென்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

எங்கே செல்வது? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. புதுச்சேரி ஜிப்மரும் நமக்குத் தொலைவன்று. வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்னும் இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அரசுச் சேவை அது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் ஹராம் என்று உபதேசிக்கத் தொடங்க வேண்டாம். அவருடன் இருங்கள், பூச்சி மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த இளைஞர் இப்போது ஜும்ஆவுக்கு வருகிறார். மழை நாள்களில் வெளிப்பள்ளியில், தூணுக்கு அருகே நிற்கிறார். உள்ளே வாருங்கள் என்று யாரும் அவரை இழுக்க வேண்டாம். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார், வேறெதுவும் சொல்லவில்லை.

நிர்வாகத்திடம் நாம் வைத்த வேண்டுகோள் ஏற்கப்பட்டுள்ளது. ஹவ்ளுக்குப் பின்புறமுள்ள சிறிய அறையில் இனி ஜனாஸாப் பெட்டியை வைக்கப் போவதில்லை. வியாழன் தோறும் அஸருக்குப் பின் நாம் அங்கு அமர்ந்திருப்போம். சிகிச்சை அளிப்பதற்காக அன்று, அதற்கு நாம் தகுதியுடையோர் அல்லர். செவிமடுக்கவும், வேண்டுவோருடன் முண்டியம்பாக்கம் வரை துணை வரவும். பெண்களுக்கு மக்தப் ஆலிமா அவர்கள் தம் இல்லத்தில் இருப்பார்கள். பேருந்துக் கட்டணம் இல்லாதோர்க்குப் பைத்துல்மாலிலிருந்து தரப்படும். பெயர் ஏட்டில் எழுதப்படமாட்டாது.