"புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதுமா?
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேறுகாலத்தைப் பற்றிப் பேச எஞ்சினியருக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். கட்டட வேலையில் மேஸ்திரியிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரி சார்" என்பார். "கம்பியை எப்படிக் கட்டப் போறீங்க, சொல்லுங்க" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். பிரசவ வார்டிலும் அப்படித்தான்.

இன்று நம் மாவட்டத்துக்கு ஒடிசா, பீகார், அசாம் என்று பல மாநிலத்துக்காரர்கள் வேலைக்கு வருகிறார்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். அந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு ஆசாரிப்பள்ளம் ஆசுபத்திரிக்குப் போனால் தமிழ் தெரியாது. அம்மையோ ஆயிரம் மைலுக்கு அப்பால். எதைச் சொன்னாலும் தலையாட்டத்தானே செய்வாள்? பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று தமிழக அரசு ஆசுபத்திரிகளில் 2004-லேயே ஏற்பாடு வந்தது. ஆனால் கூட இருக்க ஆள் வேண்டுமே!

மொழி தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. கர்நாடகத்திலிருந்து அயர்லாந்து போன சவிதா ஹலப்பனவர் பல் மருத்துவர், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில், கால்வே ஆசுபத்திரியில் சேர்ந்தார். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்ததும் கருவைக் கலைத்துவிடக் கேட்டார். இதயத்துடிப்பு இருக்கிறது என்று அன்றைய சட்டத்தைக் காட்டி மறுத்தார்கள். கிருமி இரத்தத்தில் பரவி 28-ஆம் தேதி இறந்தார். வயது 31. விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். சரிவரக் கண்காணிக்கவில்லை, இருந்த வழிகளை எல்லாம் அவர் முன் வைக்கவில்லை என்று 2013-ல் அந்தக் குழு சொன்னது. 2018-ல் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள்.

ஆகவே பேச்சு புரிவது ஒன்று. சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பது இன்னொன்று. இரண்டும் இருந்தால்தான் நம்பிக்கை வரும்.

வடக்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம்மில் பலர். இந்தி, ஒடியா, வங்காளம் பேசத் தெரிந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், பெயர் கொடுங்கள். அந்தப் பட்டியலை நம் சங்கம் ஆசுபத்திரியில் கொடுக்கட்டும். போனில் கூப்பிட்டால் அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நம் புத்திமதியைச் சேர்க்க வேண்டாம். ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், பிள்ளை அசைவு குறைதல்: இவை வந்தால் உடனே ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை அவள் பாஷையில் சொல்லிக் கொடுங்கள்.

மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "என்ன புரிஞ்சுதுன்னு சொல்லும்மா" என்று கேளுங்கள்.