“என் மகன் அல்ல” என்ற தகப்பன்

(சிதம்பரத்தில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கடலூரில் ஆலைத் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்: “பெற்ற பிள்ளையின் முகம் தகப்பனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அந்த மனுஷரிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டாமா?” உதயகுமாரின் தகப்பனாரைப் பற்றித்தான் கேட்டார்.

இளைய தோழர்களுக்காக விஷயத்தைச் சொல்கிறேன். 1971ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதலமைச்சர் கருணாநிதிக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. பிறகு பல்கலைக்கழகக் குளத்தில் ஒரு பிணம் கிடைத்தது. உதயகுமார் என்றார்கள் மாணவர்கள். என் மகன் அல்ல என்றார் தகப்பனார்! நீதிபதி என்.எஸ். ராமசாமி கமிஷன் விசாரித்தது. பிணம் உதயகுமாருடையதுதான் என்பது கமிஷன் கண்ட முடிவு.

அப்படியானால் தகப்பனார் ஏன் மறுத்தார்? மிரட்டிச் சொல்ல வைத்தார்கள் என்ற பேச்சு அன்று முதல் இன்று வரை இந்த ஊரில் இருக்கிறது. இருக்கலாம். அதற்காக மேடையேறி நான் சத்தியம் செய்ய மாட்டேன். தண்ணீரில் ஊறிய முகம் வேறு முகமாகிவிடும் என்பதும் உண்மை. ‘இது அவன் இல்லை’ என்று சொல்லும் வரைக்கும் பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கிறான் அல்லவா? அந்த ஆசையும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பண்ணையார் பக்கத்தில் நிற்கும்போது, முதுகில் தழும்போடு இருக்கும் கூலிக்காரனை “யாரப்பா அடித்தது?” என்று கேட்டால் என்ன சொல்வான்? “வழுக்கி விழுந்துட்டேங்க” என்பான். அவனுக்கு மூளைக் கோளாறா? நாம் யாரும் அப்படி நினைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனைத்தான் பார்ப்போம். தகப்பன் விஷயத்தில் மட்டும் ஏன் தகப்பனையே உற்றுப் பார்க்கிறோம்?

கேரளத்து ராஜன் கதையும் தெரிந்திருக்க வேண்டும். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர். அவசர நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில் போலீஸ் பிடித்துப் போனது. கக்கயம் முகாமில் மாண்டார். உடல் கிடைக்கவே இல்லை. தகப்பனார் ஈச்சரவாரியர் 1977ல் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அந்த வழக்கில்தான் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர், வீட்டில் மகனுக்கென்று சோறு எடுத்து வைக்கச் சொன்னார். புத்தி பேதலித்த மனைவியிடம் மகன் இறந்ததைச் சொல்லவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் விநோதம்தான்! கோர்ட்டில் சிங்கம், வீட்டில் பொய் சொல்லும் கிழவர். இரண்டும் ஒரே தகப்பன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1993ல் முதனை கிராமத்துக் குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போனது. அடித்தே கொன்றார்கள். “தப்பி ஓடிவிட்டான்” என்றார்கள். உடலோ மீன்சுருட்டிப் பக்கம் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது. அவர் மனைவி விடவில்லை. செங்கொடித் தோழர்கள் கூட நின்றார்கள். வக்கீல் சந்துரு ஆட்கொணர்வு மனு நடத்தினார். படம் கூட வந்ததே, பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாவுக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் அவர் தனியாக இல்லை.

இப்போது சட்டத்தில் சில பிடிகள் இருக்கின்றன. 1996ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, கைது செய்தால் குறிப்பு எழுதி, குடும்பத்தாரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். காவலில் ஒருவர் செத்தாலும் சரி, காணாமல் போனாலும் சரி, மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்று 2005ல் சட்டம் திருத்தப்பட்டது.

ஆகவே தோழர்களே, நம் தெருவில் எந்தத் தகப்பனையாவது பிணம் பார்க்கக் கூப்பிட்டால் ஒற்றை ஆளாக அனுப்பாதீர்கள். பையனின் தழும்பும் பல்லும் தெரிந்த கூட்டாளிகள் இரண்டு பேர், நாலெழுத்து எழுதத் தெரிந்த ஒருவர், சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். அவர் வாய் திறக்கும்போது அந்த அறையில் யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.