கூடுதல் விளக்கு போட்டிருக்கிறீர்களா? ஃபியூஸைத் தேடுங்கள்

நம் பேஸ்மென்ட்டில் கார்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு காரில் வயர் தீப்பிடித்தால் பக்கத்துக் காருக்கும் ஆபத்து.

காட்டுப்பாதைக்கென்று கூடுதல் விளக்கு மாட்டியவர்கள் கவனியுங்கள். 55 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் வயரில் ஒட்டுப்போடாதீர்கள். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. தனி வயர், நடுவில் ரிலே. டாஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். விளக்கருகே வைத்தால், நடுவழியில் வயர் உரசி பாடியைத் தொடும்போது அது காப்பாற்றாது. வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபியூஸ் இல்லையென்றால், அந்த இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.